அம்மா பேசத் தொடங்கிய நாள்

ஜனவரி 14

வக்கீலம்மாவுக்கு,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். போன வாரமும் அப்படித்தான். கடிதம் என்றால் கிழித்துப் போடலாம், ஆனால் அதற்கும் முதலில் கையில் எடுக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

கல்லூரியில் வரலாறு நடத்துகிற உனக்கு இந்த வீட்டில் ஏன் வக்கீல் என்று பேர் வைத்தார்கள் என்று உன் அண்ணன் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார். எதிராளி வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிடுவாயாம். இந்த ஒருமுறை கொஞ்சம் பொறு. உன் கட்சிக்காரரைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அத்தை ஒரு வருடமாக வேறு ஆளாகிவிட்டார். நேரில் வந்து பார் என்று எத்தனை முறை கேட்டுவிட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் போனில் பேசிவிட்டு, "அம்மா ஜம்முனு இருக்காங்க அண்ணி, என்னைச் சிரிக்க வெச்சாங்க" என்கிறாய். கால் மணி நேரம் யார் வேண்டுமானாலும் ஜம்மென்று இருக்கலாம்.

போன மாதம் எதிர்வீட்டு டீச்சரின் கணவர் இறந்துபோனார். அந்த டீச்சருக்கும் அத்தைக்கும் எத்தனை வருடச் சிநேகம் என்று உனக்கே தெரியும். துக்கம் விசாரிக்கப் போனோம். அவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தை கையை உருவிக்கொண்டு, "எதுக்கு அழற? இனிமே குறட்டைச் சத்தம் இல்லாம தூங்கலாம்ல?" என்றார். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பிறகு, வந்தவர்களுக்காக வைத்திருந்த பிஸ்கட் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காலி செய்தார்.

மத்தியானங்களில் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் வந்து உட்காருவார் இல்லையா, அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். முதல்முதலாகக் கண்ணாடி போட வந்த ஒரு பெண், பதினைந்து வயது இருக்கும், ஏற்கெனவே அழுகிற முகத்தோடு கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவளிடம், "எந்த ஃப்ரேம் போட்டாலும் மூஞ்சி அதேதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். வெளியே மழை தூறுகிறது என்பதுபோலச் சொன்னார்.

குடும்ப டாக்டரிடம் கூட்டிப் போனேன். இன்று என்ன தேதி, இது எந்த மாடி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றார். அத்தை அவரைவிட வேகமாகக் கழித்தார். "மறதியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. என்னைவிடத் தெளிவா இருக்காங்க. வயசானா வாய் கொஞ்சம் நீளும்" என்று அனுப்பிவிட்டார். எழுந்து வரும்போது அத்தை அவரிடம், "உங்க வாய் நாறுது" என்றார்.

மறதி இல்லை என்று எனக்கும் தெரியும். கண்ணில் என்ன குறை இருந்தாலும் அதற்கு என்ன பேர் என்று சொல்லிவிடுவேன். இதற்குத்தான் பேர் தெரியவில்லை. உன் அண்ணனைக் கேட்காதே. அவர் என்னிடம் "ஆமா" என்கிறார், அத்தை அறைக்குள் போய் அங்கேயும் "ஆமா" என்கிறார்.

ஒருமுறை வா.

அண்ணி

ஜனவரி 27

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது, இரண்டாவது முறை சிரிப்பு வந்தது. சிரித்ததை மறைக்கப் போவதில்லை. எதிர்வீட்டு டீச்சரின் கணவர் எப்படிப்பட்டவர் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவர் கத்துவது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். அங்கே கூடியிருந்த அத்தனை பேரும் மனதுக்குள் நினைத்ததை அம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதானே?

நீங்கள் பார்த்தது அம்மாவின் கடைசிப் பதினொரு வருடம். அதற்கு முந்தையதை நான் பார்த்திருக்கிறேன். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிற மேசை அவளுடையது. தண்ணீர் வராதவர்கள், சாக்கடை கலந்து வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம்தான் வந்து கத்த வேண்டும். அவள் ஒரு டம்ளரை நீட்டி, "முதல்ல தண்ணி குடிங்க, அப்புறம் திட்டுங்க" என்பாள். முப்பது வருடம் அதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் அப்பா. அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை, அதனால் ஊரில் நல்ல பேர். விருந்தாளிகள் எதிரில், "இவளுக்கு வாயே கிடையாது, அதான் திட்டு வாங்குற வேலையைக் குடுத்திருக்காங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அவள் சிரித்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் காய்கறி விலையைச் சொல்லிக்கொண்டிருந்தவள், இடையில் எந்தத் தொடர்பும் இல்லாமல், "உங்கப்பன் ஒரு கேவலமான மனுஷன். அவனோட வாழ்ந்ததே தப்பு" என்றாள். நான் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணி, அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எட்டு வயதிலிருந்து காத்திருந்தேன். என் கண்ணெதிரில் நடந்தது நிஜமாகவே நடந்ததுதான் என்று அவள் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அன்று கேட்டேன். அன்றிலிருந்துதான் எனக்கு ஒரு அம்மா இருக்கிறாள்.

இப்போது நீங்கள் அவளை டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறீர்கள். வாய் திறந்ததற்காக. அவரும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் உங்களுக்குச் சமாதானம் ஆகவில்லை. "சரிம்மா, உன் இஷ்டம்" என்று போகிற மாமியார்தான் உங்களுக்குப் பழக்கம். அந்த வாயில்லாப் பூச்சி செத்துவிட்டது. அதுதான் உங்களுக்குத் தாங்கவில்லை.

பேர் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரியும். சுதந்திரம் என்று சொல்வார்கள்.

வக்கீல்

பிப்ரவரி 20

உனக்கு,

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் கடையைச் சீக்கிரம் திறக்க வேண்டியிருந்தது. வழக்கம்போல அத்தைதான் காரில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். முதல் வகுப்பு முடிந்த பிறகு பள்ளியிலிருந்து கடைக்குப் போன் வந்தது. பாப்பா ஏன் இன்று வரவில்லை என்று கேட்டார்கள்.

அத்தையைக் கூப்பிட்டேன்.

"அவளை இறக்கி விட்டுட்டேன்" என்றார்.

"எங்கே அத்தை?"

"மேம்பாலத்துக்கு முன்னாடி பெட்ரோல் பங்க் இருக்குல்ல, அங்க. காத்தடிக்கிற மெஷின் பக்கத்துல. ஒரு சிவப்பு வாளி இருக்கும்."

"ஏன் அத்தை?"

"பின்னாடி உக்காந்து வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே வந்தா. நிறுத்துன்னேன், நிறுத்தல."

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"பேக்கரில."

பரிசோதனைக்காக ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரை இருட்டறையில் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பாப்பா அதே இடத்தில், அந்தச் சிவப்பு வாளிக்குப் பக்கத்தில் இருந்தாள். பெட்ரோல் போடுகிற பெண் ஒரு ஸ்டூல் கொடுத்து உட்காரவைத்திருந்தார். பாப்பா அழவில்லை. பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பாட்டிக்கு என்மேல கோவமாம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. வண்டிகள் எந்த வேகத்தில் அந்தப் பாலத்தில் ஏறும் என்று உனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அத்தை வாயோரத்தில் கிரீம் ஒட்டியிருக்க, "அதான் கிடைச்சுட்டால்ல, அப்புறம் என்ன?" என்றார். நான் கத்தினேன். மறைக்கவில்லை, தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். அப்போது சொன்னார்: "இந்த வீட்டுக்கு நீ வந்த நாள்லேர்ந்து உன்னை எனக்குப் பிடிக்கலை. உன் பொண்ணையும் பிடிக்கலை." அதையும் அந்த மழை தூறுகிற குரலில்தான்.

உன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன வாரம் நானே மாற்றிக் கொடுத்த புதுக் கண்ணாடி. அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

எதையும் மறக்கவில்லை, பார்த்தாயா? வாளியின் நிறம்வரை ஞாபகம் இருக்கிறது. குழந்தையை விட்டுவிட்டு வந்தோம் என்று உறைக்கவில்லை. இதற்குத்தான் நீ சுதந்திரம் என்று பேர் வைத்தாய்.

கார் சாவியைப் பிடுங்கிவிட்டேன். என் மணிக்கட்டில் அத்தையின் நகம் பட்ட கீறல் இருக்கிறது. இனிமேல் பாப்பாவோடு ஒரே கூரைக்கு அடியில் அத்தையைத் தனியாக விட என்னால் முடியாது. வந்து கூட்டிப் போ. உன் சுதந்திரத்தை உன் வீட்டில் வைத்துக்கொள்.

பிப்ரவரி 25

அண்ணிக்கு,

சனிக்கிழமை வருகிறேன். அம்மாவின் துணிகளையும் கால்வலி மாத்திரையையும் எடுத்து வையுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

பாப்பா பத்திரமாகக் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை, அதனால் எழுதவில்லை. அம்மா செய்தது தப்பு. ஆனால் ஒரு விஷயம். வயதானவளைத் தினமும் டிரைவராகவும் ஆயாவாகவும் வேலை வாங்கிவிட்டு, ஒருநாள் அவள் பொறுமை போனதும் வீட்டை விட்டே அனுப்புகிறீர்கள். அதை அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்பா இருந்தவரைக்கும் அவர் விரட்டினார், இப்போது உங்கள் முறை.

வந்தால் வாசலிலேயே நின்றுகொள்கிறேன். டீ போட வேண்டாம்.

வக்கீல்

மார்ச் 30

வக்கீலுக்கு,

ஒரு மாதமாகிறது. ஒரு வரி இல்லை. உன் அண்ணன் போன் செய்தால் "நல்லா இருக்காங்க" என்று வைத்துவிடுகிறாயாம். அப்படி நல்லா இருந்தால் நீ நாலு பக்கத்துக்கு எழுதி என் மூஞ்சியில் எறிந்திருப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை?

பாப்பா, "பாட்டிக்கு இன்னும் கோவமா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது என்று நீயே சொல்.

அண்ணி

ஏப்ரல் 19

அண்ணிக்கு,

இடதுகையால் காகிதத்தைப் பிடிக்க முடியவில்லை, அதனால் வரிகள் கோணலாகப் போகின்றன. நீங்கள் சொன்னது சரி என்று எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்றால், மூன்று காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டுத்தான் இதைத் தொடங்கியிருக்கிறேன்.

அம்மா வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை டீ போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். இனி நாங்கள் இரண்டு பேர்தான், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று எனக்கு ஒரே ஆசை. "அம்மா, அப்பாவைப் பத்திச் சொல்லேன்" என்றேன். "என்ன சொல்ல? பல்லு பெருசு" என்றாள். இன்னும் கேட்டேன். "சர்க்கரை பத்தலை" என்றாள். டப்பாவை எடுத்துக் கரண்டியால் அள்ளித் தின்றாள். சரி, அலுப்பாக இருப்பாள், பிறகு பேசுவாள் என்று நினைத்தேன். ஒரு மாதம் அப்படி நினைத்துக்கொண்டே இருந்தேன். அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். லிஃப்டில் வந்த கர்ப்பிணிப் பெண்ணிடம், "ரெட்டையா, இல்ல சும்மா கொழுப்பா?" என்று கேட்டாள். அதற்கும் நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மா பக்கத்திலேயே நின்று, "எதுக்கு இவகிட்டக் கெஞ்சற?" என்றாள்.

போன வாரம் கண்ணாடி ஜாடியைக் கழுவும்போது அது உடைந்து என் உள்ளங்கை கிழிந்தது. பாத்திரத் தொட்டி முழுக்க ரத்தம். "அம்மா" என்று கத்தினேன். வந்தாள். என் கையைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள் அண்ணி, கவனிக்காமல் இல்லை. என்னைத் தாண்டிக் கையை நீட்டி ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ்கிரீமை எடுத்தாள். "கீழ சிந்தாதே, அசிங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மறுபடியும் கத்தினேன். டி.வி. சத்தம் கூடியது.

துணியைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். தையல் போடும்போதெல்லாம் எனக்கு வந்தது வலி இல்லை, கோபம். அவளை உலுக்க வேண்டும்போல இருந்தது. ஊரார் திட்டுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவள், பெற்ற பெண்ணுக்கு ஒரு துணி எடுத்துத் தரவில்லை.

நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போய் ஸ்கேன் எடுத்தேன். மூளையின் முன்பக்கம் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்கிறார். இதிலும் மறதி வருமாம், ஆனால் கடைசியில்தான். முதலில் போவது குணம். அடுத்தவருக்கு வலிக்கும் என்று உறைக்கிற இடம், சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்க வைக்கிற இடம், அதுவெல்லாம் முன்பக்கத்தில்தான் இருக்கிறதாம். "நிறையப் பேர் இதைக் குடும்பச் சண்டைன்னு நெனச்சுக்கிட்டே ரெண்டு மூணு வருஷத்தை ஓட்டிடுவாங்கம்மா" என்றார். உங்கள் கடிதங்களைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாரோ என்று தோன்றியது. குணப்படுத்த மருந்து இல்லை என்றும் சொன்னார்.

அம்மா முன்பு எப்படி இருந்தாள், முதல் மாற்றம் எப்போது தெரிந்தது என்று குடும்பத்தோடு வந்து சொல்லச் சொல்லியிருக்கிறார். அது தெரிந்தால்தான் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அவரால் சொல்ல முடியுமாம். மே பத்தாம் தேதி போக வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். போன வருடம்தான் தொடங்கியது என்று சொல்லுங்கள். உங்களுக்கு அப்போதுதானே தெரிந்தது, அதனால் அது பொய்யும் இல்லை. நானும் அதையே சொல்கிறேன். அந்த மூன்று வருடத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையை யாரும் எடுக்க வேண்டாம். அன்று பேசியது அம்மா. அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் நோய்க்கே கொடுத்துவிடலாம்.

வக்கீல்

ஏப்ரல் 27

வக்கீலுக்கு,

கைக்கு மருந்து போடு. நனைக்காதே. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதைப் படித்த பிறகு நீ இதைக் கவனிக்க மாட்டாய்.

உன் கடிதம் வந்த அன்று கடையில் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், நிம்மதியில். "வந்த நாள்லேர்ந்து உன்னைப் பிடிக்கலை." அந்தப் பேச்சை இரண்டு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு எனக்குத் தலை வாரிவிட்ட கை, கடை திறந்த அன்று கண்ணாடி அலமாரியைத் துடைத்த கை, அதுவெல்லாம் பிடிக்காமல் செய்ததுதானா என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சமைக்கும்போது பார்த்தேன், பல் தேய்க்கும்போது பார்த்தேன். அப்போது உன் டாக்டர், அது நோய் என்று சொன்னதாக நீ எழுதினாய். எனக்கு என் அத்தை திரும்பக் கிடைத்தார்.

அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ என்ன கேட்கிறாய்? உனக்குப் பிடித்ததைச் சொன்னது அம்மா, மற்றதைச் சொன்னது நோய். அப்படிப் பொறுக்கி எடுக்கலாம் என்றால் நானும் ஏன் பயப்படக் கூடாது? என்னைப் பிடிக்காது என்று சொன்னவரும் அத்தைதானோ, நோய் வந்து பூட்டை மட்டும் திறந்துவிட்டதோ? உன் வாக்கியத்துக்கும் என் வாக்கியத்துக்கும் ஒரே வாய், ஒரே குரல். ஒன்றை உண்மையென்று நீ வைத்துக்கொண்டால் இன்னொன்று என் தலையில் விழுந்துவிடும். நீ அதை யோசிக்கவே இல்லை. எப்போதும்போல உன் வழக்கை மட்டும் ஜெயித்தாய்.

என்னிடம் சிலர் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். தெரியாத எழுத்தையும் தெரிகிறது என்பார்கள், பார்வை கெட்டிருக்கிறது என்று கேட்கப் பயம். அவர்கள் சொன்னதை நம்பி நான் கொடுக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியில் விழுவார்கள். நீ டாக்டரிடம் போன வருடம் என்று சொன்னால், ஒரே வருடத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று அவர் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கை வைத்துத்தான் நாம் அத்தைக்கு எல்லாம் செய்ய வேண்டியிருக்கும். நான் பொய் சொல்ல மாட்டேன்.

நான் வரவும் மாட்டேன். வந்தால் நீ என்னோடு சண்டை போடுவாய், டாக்டரோடு பேச மாட்டாய். உன் அண்ணனை அனுப்புகிறேன். அவர் தலையாட்டுவார். பேச வேண்டியது நீதான். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் காதில்தான் விழுந்தது, வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. என்ன சொல்லப் போகிறாய் என்று நீயே முடிவு செய்துகொள்.

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. ஐந்து வருடம் அவர் சாப்பாட்டு மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணி

மே 12

அண்ணிக்கு,

போய்விட்டு வந்தோம். அண்ணன் சொல்லியிருப்பான், ஆனால் அவன் சொல்வதில் பாதியை விழுங்கியிருப்பான், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவை வெளியே நர்ஸோடு உட்காரவைத்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். அம்மா எப்படி இருந்தாள் என்று கேட்டார். புகார் மேசையைச் சொன்னேன். டம்ளரைச் சொன்னேன். "யாரையாவது கடுமையா பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றார். இல்லை. "வீட்லயும்?" வீட்டிலும் இல்லை. "சரி, இவங்க இப்படிப் பேச மாட்டாங்களேன்னு உங்களுக்கு முதல்ல தோணினது எப்போ?"

வழியெல்லாம் போன வருடம், போன வருடம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். உங்கள்மேல் இருந்த ஆத்திரத்துக்கு நிச்சயம் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்துக்கு ஒரு பதில்தான் இருந்தது. மாடிப்படியில் நான் ஏன் உட்கார்ந்தேன்? அம்மா அப்படிப் பேச மாட்டாள் என்பதால்தானே? அவள் பேசுகிறவளாக இருந்திருந்தால் நான் நின்றுகொண்டே கேட்டிருப்பேன்.

சொன்னேன். மூன்று வருடம். காய்கறி விலைக்கு நடுவில். வார்த்தை மாறாமல் சொன்னேன்.

அண்ணன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "அப்பா போனப்ப அம்மா மூணு நாள் சாப்பிடல டாக்டர்" என்றான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. பதினெட்டு வருடம் அதே வீட்டில் அதே கிண்டலைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, இவ்வளவு நாள் கழித்துச் சொல்ல அது ஒன்றுதான் கிடைத்தது. ஆனால் அதுவும் நடந்தது. நானும்தான் பார்த்தேன், தட்டு அப்படியே இருந்ததை.

டாக்டர் எழுதிக்கொண்டார். அதுதான் தொடக்கமாக இருக்கும் என்றார். மூன்று வருடம் என்றால் மெதுவாகத்தான் போகிறது, இன்னும் சில வருடம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அது நல்ல செய்தி என்றார். நல்ல செய்தி என்று அவர் சொல்லும்போது நான் அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் காரை எடுக்கப் போயிருந்தான். கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன்.

"அம்மா, அப்பாவைக் கேவலமான மனுஷன்னு என்கிட்டச் சொன்னியே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஞாயித்துக்கெழம."

"நிஜமாத்தான் சொன்னியா?"

"ஆமா" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அடுத்து, அதே மூச்சில், "அந்த நர்ஸுக்கு ஒரு கால் வளைஞ்சிருக்கு பாரு" என்றாள்.

அவ்வளவுதான். இன்னும் நூறு முறை கேட்டாலும் ஆமா என்பாள். உங்களைப் பிடிக்காது என்று சொன்னது நிஜமா என்று கேட்டாலும் ஆமா என்பாள். அதனால் நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். உங்கள் வாக்கியத்தையும் டாக்டரிடம் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன.

இனி நடக்க வேண்டியது. எனக்கு விடுமுறை முடியும்வரை அம்மா இங்கே இருக்கட்டும். ஜூலையிலிருந்து பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் உங்கள் வீட்டில் இருக்க முடியுமா என்று அண்ணனோடு பேசி, அண்ணனைப் பேசவும் வைத்து, எழுதுங்கள். பாப்பாவோடு தனியாக விட வேண்டாம், அதில் உங்களோடு எனக்கு வாதம் இல்லை. சாவி உங்களிடமே இருக்கட்டும். பாப்பா கேட்டால், பாட்டிக்கு அவள்மேல் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். அது உண்மை. இந்தக் குடும்பத்தில் கோபமே இல்லாதவள் இப்போது அம்மா ஒருத்திதான்.

எனக்கு இருக்கிறது. கொஞ்சம்கூடக் குறையவில்லை. அம்மாமேல் வைத்தால் அவளுக்கு உறைக்காது. அப்பா இல்லை. அண்ணன்மேல் வைத்தால் ஆமா என்பான். அதனால் கொஞ்ச நாளைக்கு அது உங்கள்மேலேயே இருக்கட்டும் அண்ணி. திருப்பித் திட்ட உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

பதில் போடுங்கள்.

வக்கீல்